தலைகீழ் பாட்டரி

பஸ் கடைசியாக வந்து திரும்பி நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்தது அந்தக் கடை. அதற்கு அப்பால் சாலை கிடையாது. ஓர் இரும்புக் கேட், ஒரு காவலர் கூண்டு, பிறகு காடுதான். கடைப் பலகையில் "காட்டுப் பயணப் பொருட்கள் வாடகைக்கு" என்று எழுதியிருந்தாலும் அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் யாருக்கும் தெரியாது. பைக்கார அக்கா கடை என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும்.

காட்டுக்குள் போகிறவர்களுக்கு அக்கா பை கட்டிக் கொடுப்பாள். ஒரு பைக்கு இருபது பொருள். ஒப்படைக்கும்போது அத்தனையையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாய்க் கையில் எடுத்து, இது எதற்கு, எப்போது, எப்படி என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வைப்பாள். இருபத்தொன்றாவதாக வெறும் வாய்வார்த்தையாக ஓர் அறிவுரை. கேட்கிறவர்களுக்குக் காது புளித்துப்போகும். "அக்கா, காட்டுக்குப் போகவா, பரீட்சை எழுதவா?" என்று கிண்டலடித்தவர்கள் உண்டு. அக்கா மசிய மாட்டாள். "ஒவ்வொண்ணுக்கும் உம் கொட்டு. உம் வரலைன்னா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிப்பேன்" என்பாள்.

தம்பிக்குக் கதை சொல்லி வளர்த்த பழக்கம் அது. தாய் தகப்பன் போனபோது அவளுக்குப் பதினெட்டு, சின்னவனுக்கு ஆறு. போர்வைக்குள் இருந்து உம் வருகிற வரைக்கும் கதை ஓடும். உம் நின்றால் தூங்கிவிட்டான் என்று அர்த்தம்.

அன்று மதியத்திலிருந்தே மழை. மின்சாரமும் போய்விட்டது. நான்கு மணி பஸ்ஸிலிருந்து ஒரே ஓர் ஆள்தான் இறங்கினாள். குடையை மடக்கிக்கொண்டு வாசலில் நின்றவளைப் பார்த்ததும் அக்கா எழுந்து வந்தாள். அவள் சின்னவனின் மனைவி. நகரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பதினொரு மாதமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவள்.

"வாம்மா, உள்ள வா. தலையைத் துவட்டு."

"இருக்கட்டும் அண்ணி." அவள் முக்காலியில் உட்கார்ந்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "நாளைக்குக் காலைல ஒரு குழு உள்ள போகுது. நானும் பேர் குடுத்திருக்கேன். அந்த இடத்தைப் பாக்கணும். எனக்கு ஒரு பை கட்டிக் குடுங்க."

அந்த இடம் எது என்று அக்கா கேட்கவில்லை.

சின்னவன் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். காட்டைக் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி. நாற்பது வயது நெருங்கும்போது என்ன தோன்றியதோ, ஒரு தடவையாவது தனியாக இரண்டு நாள் போய்வர வேண்டும் என்று வந்து நின்றான். இரண்டாம் நாள் மூடுபனியில் வழி தவறியது. கால் பிசகியது. ஓர் அருவிக்குப் பக்கத்தில், பாறையடியில் உட்கார்ந்துவிட்டான். மூன்றாம் நாள் இருட்டியபோது தேடிப் போனவர்கள் எதிர்ச் சரிவில்தான் நடந்தார்கள். அருவி இரைச்சலில் இவர்கள் கூப்பிட்டது அவனுக்குக் கேட்கவில்லை, அவன் ஊதிய விசில் இவர்களுக்குக் கேட்கவில்லை. "ஒரு சின்ன வெளிச்சம் தெரிஞ்சிருந்தாக்கூடப் போயிருப்போம்" என்று தேடல் குழுவின் தலைவர் பிறகு தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். விடிந்து போனபோது உடம்பு விறைத்திருந்தது. கையில் டார்ச். கட்டைவிரல் அதன் பித்தான் மேலேயே இருந்தது.

பாட்டரி செத்துவிட்டது என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். அக்காவும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவள் சரக்கறைப் பக்கம் திரும்பினாள். கடைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத அறை. கதவு சாத்தியிருந்தது.

டக்.

டக்.

டக்.

"என்ன சத்தம் அண்ணி அது?"

"பல்லியா இருக்கும்" என்று அக்கா சொன்னாள். வாய் சொன்னதே தவிர அவள் கை விளக்கைத் தேடித் தடுமாறியது.

பல்லி இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவனுடைய பையும் டார்ச்சும் திரும்பி வந்த நாளிலிருந்து அவள் கேட்கிற சத்தம் அது. இரண்டையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டு மேல் தட்டில் ஏற்றியிருந்தாள். வெயில் நாட்களில் சத்தம் வராது. மழை இறங்கி, பனி கேட்டைத் தாண்டி உள்ளே வந்தால் ஆரம்பிக்கும். யாரோ டார்ச்சின் பித்தானை அமுக்குவார்கள். எரியாது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அமுக்குவார்கள். அவசரமே இல்லாத, பொறுமையான சத்தம். அதோடு ஊறிப்போன இலைகளின் வாசனையும் நனைந்த கம்பளியின் வாசனையும் கதவிடுக்கு வழியாக வரும். முதல் மாதம் அவள் காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். பொத்தினால் அவன் தனியாக இருப்பான் என்று தோன்றியது.

விளக்கை ஏற்றி மேசையில் வைத்து அவள் பொருட்களைப் பரப்பத் தொடங்கினாள். விசில், மெழுகில் தோய்த்த தீக்குச்சிகள், மடக்குக் கத்தி, பத்து முழம் கயிறு, அட்டைப் பூச்சிக்கு உப்புப் பொட்டலம், தண்ணீரில் போடும் மாத்திரை. இருபத்தைந்து வருடம் பழகிய கை. இன்றைக்கு ஒவ்வொன்றையும் இரண்டு தடவை எடுத்து இரண்டு தடவை வைத்தது.

"டார்ச் வேண்டாம் அண்ணி" என்றாள் தம்பி மனைவி. "அவரோட டார்ச்சைக் குடுங்க."

அக்காவின் கை நின்றுவிட்டது.

"அது எரியாதும்மா."

"தெரியும். எரிய வேண்டாம். கடைசி வரைக்கும் அவர் கையில இருந்தது. அது என் கையில இருந்தாப் போதும்."

"நல்லதாப் புதுசு ஒண்ணு..."

"அண்ணி, எங்க கடைல தினம் நாலு திருகாணி கழட்டி மாட்டுறவ நான். வேணும்னா சரி பண்ணிப் பாக்கறேன். எங்க இருக்கு? அந்த ரூம்லயா?"

அவள் எழுந்தேவிட்டாள். அவள் டார்ச்சின் பின்மூடியைத் திருகினால் போதும். ஒரே நொடியில் தெரிந்துவிடும். அக்கா பதினொரு மாதமாக விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்திருந்தது அந்த மூடிக்குள்தான் இருந்தது.

"உக்காரும்மா. நான் ஒண்ணு சொல்லணும்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கும்போது டார்ச்சின் பித்தான் எதிலாவது பட்டு அமுங்கிவிடும். உள்ளேயே எரிந்து எரிந்து, தேவைப்படும் நேரத்தில் தீர்ந்துபோயிருக்கும். அதற்காக அக்கா ஒரு வேலை செய்வாள். இரண்டு பாட்டரியில் ஒன்றைத் தலைகீழாகப் போட்டுவிடுவாள். பித்தான் அமுங்கினாலும் எரியாது, பாட்டரியும் கரையாது. வேண்டும்போது மூடியைத் திருகித் திருப்பிப் போட்டுக்கொண்டால் புதுசு போல எரியும். வாடிக்கையாளர்களிடம் இதை மூன்று தடவை சொல்வாள், செய்துகாட்டச் சொல்வாள். இதைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"அன்னைக்கு அவன் பையை நானே ராத்திரி உக்காந்து கட்டினேன்" என்றாள் அக்கா. "யாருக்கும் அப்படிப் பாத்துப் பாத்துக் கட்டினதில்ல. காலைல வந்தான். துணியை எல்லாம் சுருட்டி உள்ள திணிச்சான், அவனுக்கு எந்தக் காலத்துல மடிக்கத் தெரிஞ்சுது. பட்டியல் சொல்ல ஆரம்பிச்சேன். 'அக்கா, நான் என்ன வாடிக்கையாளரா? எல்லாம் நீ கட்டினதுதானே, சரியாத்தான் இருக்கும்'னு சிரிச்சான். நானும் சிரிச்சேன். வீட்டுப் பிள்ளைக்கு என்ன பாடம்னு விட்டுட்டேன்."

தம்பி மனைவி மெதுவாக முக்காலியில் உட்கார்ந்தாள்.

"டார்ச் சாகலம்மா. பாட்டரி தலைகீழா இருந்துச்சு. அவனுக்குத் தெரியாது. திரும்பி வந்தப்பவே திறந்து பாத்தேன். பாத்துட்டு மூடிட்டேன். யாருக்கும் சொல்லல. உனக்கும் சொல்லல."

மழை ஓட்டின்மேல் பெய்துகொண்டிருந்தது. விளக்குத் திரி ஒரு பக்கமாக எரிந்தது.

"அப்ப வெளிச்சம் அவர் கையிலயே இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ரெண்டு ராத்திரியும்?"

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். தம்பி மனைவி வாயைத் திறந்து திறந்து மூடினாள். அழுகை வரவில்லை, மூச்சுதான் வந்தது. கன்னத்தில் அறைந்திருந்தால் அக்காவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவளோ கைகளை மடியில் கோத்துக்கொண்டு வெகுநேரம் மேசையையே பார்த்தாள்.

"வேற எதையுமே அவர்கிட்ட சொல்லலையா நீங்க?"

"ஒண்ணே ஒண்ணு சொன்னேன். கேட் வரைக்கும் கூடப் போய்ச் சொன்னேன். வழி தவறினா நகராதே, இருந்த இடத்துலயே இரு, நான் வந்து கூட்டிட்டு வரேன்னு."

"அதை மட்டும் கேட்டுக்கிட்டார்" என்றாள் தம்பி மனைவி.

அக்கா முந்தானையால் வாயை அழுத்திக்கொண்டாள். அவள் போகவில்லை. தேடல் குழுவினர், நீங்கள் வந்தால் எங்களுக்கு இன்னொரு பாரம் என்று சொன்னார்கள். அவள் கடையிலேயே போனுக்குப் பக்கத்தில் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தாள்.

டக்.

இந்தத் தடவை இரண்டு பேரும் கதவைப் பார்த்தார்கள்.

"பல்லி இல்லதானே?"

"இல்ல."

"எத்தனை நாளா?"

"அவன் பை வந்த நாள்லேருந்து."

தம்பி மனைவி எழுந்து ஓடுவாள் என்று அக்கா நினைத்தாள். அவள் முக்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பட்டியலைச் சொல்லுங்க."

"என்னம்மா?"

"அவர்கிட்ட சொல்லாம விட்டதை. ஒண்ணு விடாம இப்பச் சொல்லுங்க. நாளைக்கு நான் போறேன்ல."

அக்கா விசிலைக் கையில் எடுத்தாள். குரல் நடுங்கியது. "ஒண்ணு. இது விசில். கழுத்துலயே மாட்டிக்கணும். மூணு தடவை ஊதிட்டு நிறுத்தணும்."

"உம்."

"ரெண்டு. தீக்குச்சி. மெழுகைச் சுரண்டிட்டு உரசணும்."

"உம்."

மூன்று, நான்கு, ஐந்து. சொல்லச் சொல்ல அக்காவின் குரல் பழைய நிலைக்கு வந்தது. வாய் தன்பாட்டுக்குப் போயிற்று. ஏழாவது, முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி. "வெயில்ல காட்டினா தூரத்துல இருக்கறவனுக்குக் கண்ணு கூசும்" என்றாள்.

"உம்" என்றாள் தம்பி மனைவி.

உம்.

இரண்டாவது உம் கொஞ்சம் தாமதமாக வந்தது.

கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது.

தம்பி மனைவியின் கை தன் வாயைப் பொத்திக்கொண்டது. கண்கள் விரிந்து அப்படியே நின்றன. அக்கா நிறுத்தவில்லை. நிறுத்த முடியவில்லை. ஈர இலை வாசனை விளக்கின் மண்ணெண்ணெய் வாசனையை மூடிக்கொண்டு வந்தது.

"எட்டு. கயிறு."

உம்.

"ஒன்பது. உப்பு. அட்டை கடிச்சாப் பிய்க்கக் கூடாது, இதை வைக்கணும்."

உம்.

போர்வைக்குள்ளிருந்து வருகிற குரல் மாதிரி அமுங்கி வந்தது. குளிரில் பல் கிட்டியவன் உதட்டைத் திறக்காமல் சொல்வது அப்படித்தான் கேட்கும். அக்காவின் கண்ணிலிருந்து நீர் மேசையில் சொட்டியது. அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை, முதுகு முழுக்கப் பயம். ஆனால் உம் வருகிற வரைக்கும் கதையை நிறுத்தக் கூடாது.

பதினேழாவது பொருள் உள்ளங்கை அளவு வெள்ளிப் பொட்டலம். அவனுடைய பையில் அது பிரிக்கப்படாமலே திரும்பி வந்திருந்தது.

"இது பாத்தா மிட்டாய் மாதிரி இருக்கும்" என்றாள். "பிரிச்சா ஆள் உயரத்துக்குப் போர்வை. உடம்புச் சூட்டை வெளிய விடாது. குளிர் தாங்கலைன்னா முதல்ல இதைத்தான் பிரிக்கணும். இதைத்தான்..."

உள்ளே சத்தமில்லை.

வெகுநேரம் இல்லை.

பிறகு, மெதுவாக, தெரியாமல் போயிற்றே என்று சொல்கிற மாதிரி ஓர் உம்.

தம்பி மனைவி இப்போது அழுதுகொண்டிருந்தாள், சத்தமில்லாமல்.

"பதினெட்டு" என்றாள் அக்கா. மேசையில் டார்ச் இல்லை. அவள் வெறும் கையைத்தான் நீட்டினாள். "டார்ச். எரியலைன்னு பயந்துராதே. பாட்டரி சாகல. பின்பக்க மூடியைத் திருகு. உள்ள ரெண்டு பாட்டரி இருக்கும், ஒண்ணு தலைகீழா இருக்கும். நான்தான் அப்படிப் போட்டேன். எடுத்துத் திருப்பிப் போடு. எரியும்டா. உன் கையிலதாண்டா இருக்கு."

உம் வரவில்லை.

தகரப் பெட்டியின் மூடி திறந்தது. இரும்பு மரையில் எதையோ திருகுகிற சத்தம் கேட்டது. கீச். நிறுத்தம். கீச். விரல் மரத்துப்போனவன் திருகுவது போல விட்டு விட்டு வந்தது. ஏதோ கீழே விழுந்து உருண்டது. தரையைத் தடவும் ஓசை. மறுபடி கீச்.

டக்.

கதவின் அடியில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது.

இரண்டு பெண்களும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அசைந்தது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். யாரோ சுற்றிலும் வெளிச்சம் காட்டி, தான் எங்கே இருக்கிறோம் என்று பார்க்கிறார்கள்.

"முடிங்க அண்ணி" என்று தம்பி மனைவி கிசுகிசுத்தாள். "மிச்சத்தையும் சொல்லி முடிங்க."

பத்தொன்பதையும் இருபதையும் அக்கா எப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை. இரண்டுக்கும் உம் வந்தது. பிறகு இருபத்தொன்று.

"வழி தவறினா நகராதே. இருந்த இடத்துலயே இரு. நான் வந்து கூட்டிட்டு வரேன்."

வெளிச்சம் அசைவதை நிறுத்தியது. கதவுக்கு நேராக, தரையோடு தரையாக நின்றது.

"எப்பக்கா?"

அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே கதவைப் பார்த்துச் சொன்னாள். "நாளைக்குடா. நாளைக்குக் காலைல வரேன்."

வெள்ளைக் கோடு அணைந்தது.

அவர்கள் கதவைத் திறந்தபோது உள்ளே ஒருவரும் இல்லை. பெட்டி திறந்திருந்தது. டார்ச் வாசற்படியருகே கிடந்தது. தம்பி மனைவி மூடியைத் திருகிப் பார்த்தாள். இரண்டு பாட்டரியும் சரியாக இருந்தன.

அன்று மாலை அக்கா இன்னொரு பை கட்டினாள். அவனுடைய பிரிக்காத வெள்ளிப் பொட்டலத்தை அதில் வைத்தாள். இருபத்தைந்து வருடம் அடுத்தவர்களைக் காட்டுக்கு அனுப்பியவள், மறுநாள் காலை முதல் தடவையாகத் தன் பேரைக் காவலர் கூண்டில் எழுதினாள். "என்னக்கா அதிசயமா இருக்கு" என்று காவலர் கேட்டார். "ஒரு ஆளைக் கூட்டிட்டு வரணும்" என்றாள். அவர் சிரித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

பாறையடியில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பாசி, ஈரம், அருவியின் இரைச்சல். தம்பி மனைவி டார்ச்சை எரியவிட்டு, எதிர்ச் சரிவைப் பார்த்துச் சற்று நேரம் பிடித்திருந்தாள். இங்கிருந்து காட்டினால் அங்கே நன்றாகத் தெரியும் என்று குழுவுக்கு வழிகாட்டியவன் சொன்னான். அவனுக்கு விஷயம் தெரியாது. அக்கா பாறையில் கை வைத்து, "வந்துட்டேன்டா. எழுந்திரு, போலாம்" என்றாள். திரும்பி நடந்த வழியெல்லாம் அவள் பின்னால் பார்க்கவே இல்லை. தம்பி மனைவி பத்தடி முன்னால், ஒரு வார்த்தை பேசாமல் நடந்தாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

திரும்பி வந்த பையைப் பிரித்துப் பட்டியலோடு சரிபார்ப்பது கடை வழக்கம். காட்டில் ஓர் இரவு தங்கி மறுநாள் பிற்பகல் திரும்பியதும், வந்த களைப்போடு அக்கா தன் பையையே மேசையில் கவிழ்த்தாள். அடுத்த பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் தம்பி மனைவியும் பக்கத்தில் நின்றாள். விசில் இருந்தது. தீக்குச்சி இருந்தது. கயிறு, கத்தி, உப்பு எல்லாம் வைத்தது வைத்தபடி.

பையின் அடியில் எதுவோ தாளைப் போலச் சரசரத்தது. அக்கா இழுத்தாள்.

வெள்ளிப் போர்வை.

பொட்டலம் பிரிந்திருந்தது. ஆள் உயரப் போர்வையை மடிக்காமல் சுருட்டித் திணித்திருந்தது.

"நீங்க பிரிச்சீங்களா?" என்றாள் தம்பி மனைவி.

"இல்லம்மா. நீ?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். பிறகு கையை நீட்டிப் போர்வையின் சுருளுக்குள் விட்டாள். விட்ட கையை எடுக்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்து அதையும் உள்ளே வைத்தாள்.

இப்போதுதான் ஒருவர் போர்த்திக்கொண்டிருந்து எழுந்துபோன படுக்கையில் இருக்குமே, அந்தச் சூடு.

பஸ் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. இருவரும் நகரவில்லை. விளக்கு வைக்கும் நேரம்வரை அப்படியே நின்றார்கள், சூடு ஆறட்டும் என்று.

அது ஆறவில்லை.